வெள்ளைப் பாயும் கள்ளத்தோணியும்

ஆகஸ்ட் பிறந்தால் இங்கிலாந்தின் தென்கரையில் கௌஸ் என்ற சின்ன ஊருக்குக் காப்புக் கட்டிவிடுவார்கள். வைட் தீவின் வடமுனையில் இருக்கிறது ஊர். எதிரே சோலண்ட் நீரிணை. 1826 முதல் அங்கே பாய்மரப் படகுப் பந்தயம் நடக்கிறது. பந்தயம் என்பது ஒரு பேச்சுக்கு. பகலில் படகு, மாலையில் புல்வெளியில் தேநீர், இரவில் ஷாம்பெயினும் நடனமும். ஜூலைக் கடைசியில் குட்வுட் குதிரைப் பந்தயம், ஆகஸ்ட் முதல் வாரம் கௌஸ், ஆகஸ்ட் 12இல் காட்டுக்கோழி வேட்டை. சீமான் வீட்டுப் பஞ்சாங்கம் இப்படித்தான் ஓடும். ஜெர்மானியப் பேரரசர் இரண்டாம் வில்ஹெல்ம் தன் 'மீட்டியர்' படகோடு வந்து, தாய்மாமனான வேல்ஸ் இளவரசரின் 'பிரிட்டானியா'வோடு மல்லுக்கு நின்றது இந்தத் திருவிழாவில்தான். மாமன் மச்சான் சண்டை கோயில் கொடையில் தொடங்கி அரிவாளில் முடிவதை நாம் பார்க்காததா? இவர்கள் வீட்டுப் பகை தீர உலகமே வேண்டியிருந்தது, அவ்வளவுதான் வித்தியாசம்.

திருவிழாவுக்கு ஒரு மூலஸ்தானம் வேண்டாமா? கடலோரத்தில் ஒரு கோட்டை இருக்கிறது. எட்டாம் ஹென்றி 1539இல் பிரெஞ்சுக்காரர்களை விரட்டக் கட்டியது. பிரெஞ்சுக்காரர்கள் வரவில்லை. கோட்டை சும்மா கிடந்தால் நன்றாயிருக்காதே என்று வேறு ஆட்களை விரட்டுவதற்காக ஒரு கிளப் குடியேறியது. ராயல் யாட் ஸ்குவாட்ரன் என்று பெயர். தொடங்கியது 1815இல். வாசலில் வரிசையாகப் பித்தளைப் பீரங்கிகள். அவை வெடித்தால்தான் பந்தயம் தொடங்கும். இந்த கிளப்பாரின் படகுகள் பிரிட்டிஷ் கடற்படையின் வெள்ளைக் கொடியைப் பறக்கவிடலாம். 1829இல் கிடைத்த சலுகை. போர்க்கப்பல் கொடியைக் கட்டிக்கொண்டு விருந்துக்குப் போகிற பாக்கியம் வேறு எந்த கிளப்புக்கும் இல்லை.

பெண்களை முழு உறுப்பினர்களாக 2013இல்தான் சேர்த்தார்கள். நாட்டின் ராணியே புரவலராக இருந்த கிளப். புரவலராக ஒரு பெண் இருக்கலாம், உறுப்பினராக இருக்கக்கூடாது என்ற ஞானத்தைக் கைவிட அவர்களுக்கு 198 ஆண்டுகள் பிடித்தன.

இப்படிப்பட்ட இடத்தில் எப்படி ஆள் சேர்ப்பார்கள்? ஒருவர் பெயரை முன்மொழிவார்கள். பிறகு ஒரு பெட்டிக்குள் உருண்டை போடுவார்கள். வெள்ளை உருண்டை என்றால் வரட்டும், கறுப்பு உருண்டை என்றால் வரவேண்டாம். யார் போட்டார், ஏன் போட்டார் என்று யாரும் கேட்கமாட்டார்கள். முகத்துக்கு நேரே சிரித்துக் கைகுலுக்கிய கைதான் பெட்டிக்குள் கறுப்பை விட்டுவிட்டு வரும். உத்திரமேரூர்க் குடவோலையைப் பெருமை பேசுகிற நாம் இதைப் பார்த்து ரொம்பவும் சிரித்துவிட வேண்டாம். அங்கேயும் நிலம் இல்லாதவன் பெயர் பானை வாயைப் பார்த்ததில்லை.

இனி கதாநாயகர் வருகிறார். தாமஸ் லிப்டன். கிளாஸ்கோவில் சின்ன மளிகைக்கடை வைத்திருந்த ஐரிஷ் ஏழைத் தம்பதியின் பிள்ளை. 1871இல் சொந்தக் கடை போட்டார். கொழுத்த பன்றிகளுக்கு விளம்பரம் கட்டித் தெருவில் ஊர்வலம் விட்டவர். கடைக்குப் பெயர் வந்தது, கிளைகள் வந்தன, பணம் வந்தது. 1890இல் இலங்கைக்கு வந்தார். இலைநோய் விழுந்து கோப்பித் தோட்டங்கள் பாழாகி, மலைகள் அடிமாட்டு விலைக்குக் கிடந்த காலம். ஹப்புத்தளைப் பக்கம் தம்பேதன்னை உட்படத் தோட்டங்களை வாங்கிப் போட்டார். மூன்று ஷில்லிங் அளவில் விற்ற ஒரு பவுண்டு தேயிலையை 1 ஷில்லிங் 7 பென்சுக்கு விற்றார். 'தோட்டத்திலிருந்து நேரே கெண்டிக்கு' என்பது விளம்பரம். படத்தில் கூடையோடு ஒரு தமிழ்ப் பெண். சிரித்தபடி.

பணம் வந்தவனுக்கு அடுத்து வேண்டியது பரிவட்டம். 1897இல் விக்டோரியா மகாராணியின் வைரவிழாவை ஒட்டி லண்டன் ஏழைகளுக்குச் சோறு போட 25,000 பவுண்டு கொடுத்தார். மறு ஆண்டே 'சர்' ஆனார். இளவரசரோடு உல்லாசப் படகில் சுற்றினார். மாமன் தன் மளிகைக்காரனோடு படகு விடப் போயிருக்கிறார் என்று அந்த ஜெர்மானிய மருமகன் கிண்டலடித்ததாக ஒரு கதை உண்டு. கிண்டல் மருமகனுடையதோ இல்லையோ, கோட்டைக்குள் இருந்தவர்களின் எண்ணம் அதுதான். அரசன் தோளில் கைபோடலாம், ஆனால் கடைக்காரன் கடைக்காரன்தான். லிப்டனுக்குப் பல்லாண்டுகள் கதவு திறக்கவில்லை. தராசு பிடித்த கை என்று ஒதுக்கிவிட்டு, அதே கனவான்கள் புல்வெளியில் உட்கார்ந்து தேநீர் குடித்தார்கள். அது யார் கடைத் தேயிலை என்று மட்டும் கேட்டுவிடக்கூடாது.

அவரும் சளைக்கவில்லை. அமெரிக்கா கோப்பையைக் கொண்டுவந்தால் கதவு திறக்காதா என்று பார்த்தார். 1851இல் இந்த ஸ்குவாட்ரன் நடத்திய பந்தயத்தில் வைட் தீவைச் சுற்றி வந்து அமெரிக்கர்கள் தட்டிக்கொண்டு போன கோப்பை அது. ஸ்குவாட்ரன் சேர்க்காததால் அயர்லாந்தின் ராயல் அல்ஸ்டர் யாட் கிளப் பெயரில் சவால் விட்டார். 1899, 1901, 1903, 1920, 1930. ஐந்து முறை. ஐந்து 'ஷாம்ராக்' படகுகள். ஐந்து தோல்வி. கொட்டிய பணத்துக்குக் கணக்கில்லை. அந்தக் கோப்பையின் விசேஷம் ஒன்றைச் சொல்லவேண்டும்: அந்த வெள்ளிக் கூஜாவுக்கு அடி கிடையாது. ஒரு மிடறு தேநீர்கூட அதில் நிற்காது. உலகத்துக்கே தேநீர் ஊற்றியவர் 31 ஆண்டுகள் ஓட்டைக் கூஜாவின் பின்னால் ஓடினார். கடைசித் தோல்வியில் மனமிரங்கி அமெரிக்க மக்கள் காசு சேர்த்து அவருக்கென்று ஒரு தங்கக் கோப்பை செய்து கொடுத்தார்கள். 1931இல் ஸ்குவாட்ரனும் இரங்கிக் கதவைத் திறந்தது. அதே ஆண்டு அக்டோபர் 2ஆம் தேதி அவர் செத்துப்போனார். சொத்தில் பெரும்பகுதி கிளாஸ்கோ நகருக்கு, அங்குள்ள ஏழைகளுக்கும் ஆஸ்பத்திரிகளுக்கும் போனது.

இந்த இடத்தில் லிப்டனைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பாவம், எப்பேர்ப்பட்ட மனிதர், அவரை வாசலில் நிறுத்திவிட்டார்களே! எனக்கும் கண்ணீர் வரும்போலத்தான் இருந்தது. அப்புறம் ஹப்புத்தளை ஞாபகம் வந்தது, வற்றிவிட்டது.

அவர் தோட்டத்துக்குக் கொழுந்து பறிக்க வந்தவர்களும் கடல் கடந்துதான் வந்தார்கள். தனுஷ்கோடி - தலைமன்னார் கப்பல் 1914இல் வந்தது. அதற்கு முன்பு பலர் அந்தக் கடலைத் தோணியில், பாய் விரித்துக் கடந்தார்கள். திருச்சி, சேலம், மதுரை, ராமநாதபுரம், புதுக்கோட்டைச் சனங்கள். பஞ்சம் துரத்திக்கொண்டு வந்தது. பீரங்கி போட்டு யாரும் வழியனுப்பவில்லை. கரையேறியவர்கள் மன்னாரிலிருந்து மாத்தளை வரை காட்டுவழியே நடந்தார்கள். நடக்க முடியாதவர்களை வழியிலேயே விட்டுவிட்டுப் போனார்கள். போய்ச் சேர்ந்தவர்களுக்கு லயம் என்ற வரிசை வீட்டில் ஒரு காம்பரா கிடைத்தது. பத்துக்குப் பன்னிரண்டு அடி.

அவர்களுக்கும் சின்னம் உண்டு. கௌஸ் கனவான் கோட்டுப் பொத்தானில் கிளப் முத்திரை இருக்கும். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்துக்கு வந்த கூலியின் கழுத்தில் ஒரு தகர வில்லை தொங்கியது. தோட்டத்துக்கு ஓர் எண், ஆளுக்கு ஓர் எண். கிளப்பில் சேரத்தான் உருண்டை போடவேண்டும். தோட்டத்தில் சேர எந்தத் தடையும் இல்லை, வெளியே போகத்தான் தடை. 'துண்டு' என்று ஒரு சீட்டு இருந்தது. கடனைக் கட்டினால் இந்த ஆளை விடலாம் என்று துரை எழுதித் தருவது. துண்டு இல்லாதவனை வேறு தோட்டம் எடுக்காது. கடன் எப்படி வந்தது? கப்பல் கூலி, வழிச்சாப்பாடு, கம்பளி என்று கங்காணி எழுதிய கணக்கு. இவன் ஏறுவதற்கு முன்பே ஏறி உட்கார்ந்திருந்த கடன். 1921இல்தான் துண்டை ஒழித்தார்கள்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். கௌஸில் ஒருவர் பெயரைச் சேர்ப்பதா இல்லையா என்பது ஆண்டுக்கணக்கில் ஓடுகிற கௌரவப் பிரச்சினை. தோட்டத்தில் அது தினமும் சாயங்காலம் நடக்கும். விடியப் பெரட்டுக்கு, அதாவது ஆள்கணக்கெடுப்புக்குப் போய், இடுப்பில் படங்குத் துணி கட்டி, அட்டைக்கடியில் நின்று பறித்துவிட்டு நிறுவைக்கு வருகிறாள் ஒருத்தி. தராசு முள் பதினெட்டைத் தொடுகிறது. கணக்கப்பிள்ளை பதினைந்து என்று எழுதுகிறார்.

"என்னங்கய்யா, பதினெட்டு காட்டுச்சே?"

"ஈரக் கொழுந்து. தண்ணிக்கும் சாக்குக்கும் கழிச்சிருக்கு. அடுத்த ஆளு வா."

பதினெட்டு இல்லையென்றால் முழுப்பேர், அதாவது முழுநாள் கூலி, இல்லை, அரைப்பேர். நாள் முழுக்க மலையில் நின்றவள் அரை ஆளாக லயத்துக்குத் திரும்புகிறாள். கழித்த மூன்று கிலோவும் தூக்கி எறியப்படுவதில்லை. அதுவும் ஆலைக்குத்தான் போகிறது, தூளாகிறது, பெட்டியில் ஏறுகிறது. தராசு பிடித்தவன் கை என்று கௌஸ் கனவான்கள் அருவருத்தார்களே, அருவருக்க வேண்டிய தராசு இது. இதைப் பற்றி அந்தப் பெட்டிக்குள் ஓர் உருண்டையும் விழவில்லை.

1929இல் இலங்கை அரசு பெரிய மனது பண்ணிக் குறைந்தபட்சக் கூலி நிர்ணயித்தது. மலைநாட்டில் நாளொன்றுக்கு ஆணுக்கு 54 சதம், பெண்ணுக்கு 43 சதம், பிள்ளைகளுக்கு 32 சதம். ஆம், பிள்ளைகளுக்கும். சட்டம் அவர்களை மறக்கவில்லை. அடுத்த வசந்தத்தில் 'ஷாம்ராக் ஐந்து' தண்ணீரில் இறங்கியது. அந்தக் காலப் பந்தயப் படகுகளிலேயே பெரிய வகை. விளம்பரத்தில் சிரித்துக்கொண்டிருந்த அந்தப் பெண் எத்தனை 43 சதத்தைச் சேர்த்தால் அதன் பாய்த்துணியில் ஒரு முழம் கிடைக்கும் என்று யாராவது கணக்குப் போடலாம். கணக்கப்பிள்ளை கழிவு போக.

வெள்ளைக்காரன் போனான், கதை மாறியது என்று நினைப்பவர்களுக்கு: 1948 பிப்ரவரியில் இலங்கைக்குச் சுதந்திரம். அதே ஆண்டு குடியுரிமைச் சட்டம். சுமார் 7 லட்சம் மலையகத் தமிழர்கள் ஒரே வீச்சில் நாடற்றவர்கள். சுதந்திர நாட்டு நாடாளுமன்றம் முதல் வேலையாகப் பெட்டிக்குள் போட்ட கறுப்பு உருண்டை இது. அந்த அரசாங்கத்தில் தமிழ் மந்திரிகளும் இருந்தார்கள் என்பதைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. 1964இல் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் உட்கார்ந்து 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சத்தை அப்புறம் பார்ப்போம் என்று கையெழுத்திட்டார்கள். மிச்சம் என்றால் 1,50,000 பேர். அவர்களைப் பத்து ஆண்டு கழித்துச் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். ஆட்டு மந்தையைப் பிரிக்கிறவன்கூடக் குட்டியைத் தாயோடு விடுவான்.

இத்தனைக்கும் மேலே அவர்களுக்கு ஒரு பட்டப்பெயர் வேறு: 'கள்ளத்தோணி'. பாய் விரித்து வேடிக்கைக்குக் கடலில் போனவன் படகில் கடற்படைக் கொடி. பாய் விரித்துப் பசிக்குக் கடலைக் கடந்தவன் தோணி கள்ளத்தோணி. துறைமுகத்தில் பதிந்து, வைத்தியப் பரிசோதனை செய்து, கழுத்தில் எண் மாட்டி அழைத்துவந்தவர்களைக் கள்ளமாக வந்தவர்கள் என்கிறார்கள் பாருங்கள். தாயகம் திரும்பியவர்களையாவது நாம் ஆரத்தி எடுத்தோமா? நீலகிரியிலும் கொடைக்கானலிலும் அவர்களுக்கு நாம் வைத்த பெயர் 'சிலோன்காரன்'. கண்டதேவியில் தேர்வடத்தைத் தொடத் தலித்துகள் நீதிமன்றம் போகவேண்டியிருந்த ஊரல்லவா நம்முடையது. கௌஸ் கோட்டையை நாம் அங்கே போய்த்தான் பார்க்கவேண்டும் என்பதில்லை.

தம்பேதன்னைக்கு மேலே 'லிப்டன் சீட்' என்ற முனை இருக்கிறது. சுற்றுலாப் பயணிகள் விடியற்காலையில் முச்சக்கர வண்டியில் ஏறிப் போகிறார்கள். பெஞ்சில் லிப்டன் சிலையாக உட்கார்ந்திருக்கிறார். பக்கத்தில் உட்கார்ந்து படம் எடுத்துக்கொள்ளலாம். கிளப்பில் இடம் கிடைக்காதவருக்கு மலையுச்சியில் இடம் கிடைத்துவிட்டது. கீழே சரிவில் கூடையோடு நிற்கும் பெண்களும் அந்தப் படங்களில் விழுகிறார்கள், சின்னச் சின்னப் புள்ளிகளாக. அவர்கள் குடியிருக்கும் லயங்கள் பலவற்றுக்கு இன்றும் தனி முகவரி கிடையாது. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும், அங்கிருந்து கொடுத்தால்தான் உண்டு.

2023இல் மலையகத் தமிழர்கள் வந்து 200 ஆண்டு நிறைந்தது. மன்னார்க் கரையிறங்கிய முன்னோர் நடந்த வழியைத் திரும்ப நடப்பது என்று ஒரு கூட்டம் ஜூலை 28ஆம் தேதி தலைமன்னாரில் புறப்பட்டது. ஆகஸ்ட் முதல் வாரம், கௌஸில் பீரங்கி வெடித்துப் படகுகள் கிளம்பியபோது, அவர்கள் வெயிலில் சாலையோரமாக நடந்துகொண்டிருந்தார்கள். ஆகஸ்ட் 12, காட்டுக்கோழி வேட்டை தொடங்கும் நாளில், மாத்தளையை அடைந்தார்கள். அவர்கள் கேட்டவற்றில் குடியிருக்கச் சொந்த நிலமும் இருந்தது. இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.