நம்பர் சொல்லுங்க சார்

உள்பனியன் வாங்கப் போனேன். வெள்ளை, கை வைத்தது, தொண்ணூறு சைஸ். இவ்வளவு அந்தரங்கத்தை உங்களிடம் சொல்ல எனக்குத் தயக்கமே இல்லை. நீங்கள் என் மொபைல் நம்பரைக் கேட்கவில்லை.

பில் போடும் பெண் கேட்டாள்.

"நம்பர் சொல்லுங்க சார்."

"காசாத்தான் தரப்போறேன்மா. சில்லறைகூட வச்சிருக்கேன்."

"காசுன்னாலும் நம்பர் வேணும் சார். நம்பர் அடிச்சாத்தான் சிஸ்டம் அடுத்த பேஜுக்குப் போகும்."

"போனே இல்லாதவங்க வந்தா?"

"அப்படி யாரும் வர்றதில்ல சார்."

எனக்குப் பின்னால் இரண்டு பெட்ஷீட்டை மார்போடு அணைத்தபடி ஒருவர் நின்றிருந்தார். அவருக்குப் பொறுக்கவில்லை. "சொல்லிட்டு நகருங்க சார். நம்பர்தானே கேக்கறாங்க, சொத்தையா எழுதிக் கேக்கறாங்க?" வரிசை மொத்தமும் அவர் கட்சியில் சேர்ந்துவிட்டது. சொன்னேன். சரிபார்ப்பதற்காக அந்தப் பெண் அதை இரண்டிரண்டு எண்ணாகச் சத்தமாகத் திருப்பிச் சொன்னாள். பெட்ஷீட்காரர், அவர் மனைவி, லாலிபாப் சப்பிக்கொண்டிருந்த பையன், வாசல் செக்யூரிட்டி எல்லோருக்கும் என் நம்பர் தெரிந்துவிட்டது. நான் படியிறங்கி முடிப்பதற்குள் 'அன்பான வாடிக்கையாளரே' என்று மெசேஜ். அதன் பின்னாலேயே மதுராந்தகம் பக்கம் டிடிசிபி அப்ரூவ்டு மனை, ஐந்தே நிமிடத்தில் பர்சனல் லோன், மூட்டுவலித் தைலம். பனியன் வாங்கினவனுக்கு மூட்டு வலிக்கும் என்று எந்த சிஸ்டம் கண்டுபிடித்தது? வலிக்கிறது என்பது வேறு விஷயம்.

இதில் தனிமனித சுதந்திரம் என்று ஒரு பெரிய சங்கதி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். சொல்கிறேன். முதலில் கொஞ்சம் சுப்ரீம் கோர்ட்.

கர்நாடக உயர் நீதிமன்றத்தில் நீதிபதியாக இருந்து ஓய்வுபெற்ற கே.எஸ்.புட்டசாமி, 2012-ல் ஆதார் திட்டத்தை எதிர்த்து உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 86. அந்த வயதில் மனிதர்கள் பென்ஷன் ஆபீசில் உயிரோடு இருப்பதாகச் சான்றிதழ் கொடுக்கத்தான் போவார்கள். இவர் அரசாங்கத்தின் மேல் கேஸ் போடப் போனார். அந்தரங்கம் அடிப்படை உரிமையே கிடையாது என்று 2015-ல் மத்திய அரசு வாதாடியது. 1954, 1962 ஆகிய வருடங்களின் பழைய தீர்ப்புகளைத் தூசி தட்டி எடுத்துக் காட்டியது. 2017 ஆகஸ்ட் 24 அன்று ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அடிப்படை உரிமைதான் என்று தீர்ப்பளித்தார்கள். 547 பக்கம். எங்கள் குடியிருப்பில் தண்ணீர் மோட்டாரை எத்தனை மணிக்குப் போடுவது என்பதில் ஒன்பது பேர் ஒத்துப்போய் நான் பார்த்ததில்லை.

அந்த 1962 வழக்கு கரக் சிங் என்பவருடையது. உத்தரப் பிரதேசக்காரர். கொள்ளை வழக்கில் பிடித்தார்கள், சாட்சியம் போதாது என்று விட்டார்கள். விட்ட பிறகும் போலீஸ் அவரைக் கண்காணிப்புப் பட்டியலில் வைத்து, ராத்திரியில் கதவைத் தட்டி, ஆள் இருக்கிறாரா என்று பார்த்துவிட்டுப் போனது. ராத்திரியில் கதவைத் தட்டுவது கூடாது என்றது கோர்ட். அதே மூச்சில், அந்தரங்கம் என்று ஒரு உரிமை அரசியல் சட்டத்தில் இல்லை என்றும் பெரும்பான்மை நீதிபதிகள் எழுதினார்கள். கரக் சிங் மேல் எனக்கு மிகுந்த அனுதாபம் உண்டு. ஆனால் அவரைத் தேடி வந்தது போலீஸ் மட்டும்தான். மத்தியானம் கண் அசரும் நேரத்தில் "சார், உங்களுக்கு ஒரு ப்ரீ அப்ரூவ்டு ஆஃபர் இருக்கு" என்று அவரை யாரும் எழுப்பவில்லை.

இதில் நம் ஊர்ப் பங்கும் இருக்கிறது. ஆட்டோ சங்கர் சிறையில் எழுதியதாகச் சொல்லப்பட்ட சுயசரிதையை நக்கீரன் வெளியிடக் கூடாது என்று சிறை அதிகாரிகள் தடுக்கப் பார்த்தார்கள். அந்த வழக்கில் 1994-ல் உச்ச நீதிமன்றம், பத்திரிகையை முன்கூட்டியே தடுக்க அதிகாரிகளுக்கு உரிமை இல்லை என்றது. கூடவே, ஒரு குடிமகனை அவன் பாட்டுக்கு இருக்க விடவேண்டும் என்பது அரசியல் சட்டத்தின் 21-வது பிரிவிலேயே அடங்கியிருக்கிறது என்றும் சொன்னது. தூக்குத் தண்டனைக் கைதியின் பேரால் கிடைத்த உரிமை, பனியன் வாங்குகிறவனுக்குக் கிடைக்க மாட்டேன் என்கிறது.

பிறகு ஆதார் வழக்கே விசாரணைக்கு வந்தது. 2018-ல் 38 நாள் வாதம். அப்போதைய அட்டர்னி ஜெனரல் கே.கே.வேணுகோபால், மக்களின் தகவல்கள் 13 அடி உயரமும் 5 அடி கனமும் உள்ள சுவர்களுக்குள் பத்திரமாக இருப்பதாகக் கோர்ட்டில் சொன்னார். திருடன் ஏணியோடுதான் வருவான் என்ற நம்பிக்கை. அந்தச் சுவரை நான் குறை சொல்லவில்லை. நல்ல சுவராகத்தான் இருக்கும். என் நம்பர் அதற்குள் இல்லை என்பதுதான் கஷ்டம். அது எங்கே இருக்கிறது என்றால், என் அக்கா இருக்கும் அபார்ட்மென்ட்டின் கேட்டில், ஒரு லாங் சைஸ் நோட்டில் இருக்கிறது.

அந்த நோட்டைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும். ஸ்கேல் வைத்துக் கோடு போட்ட நோட்டு. தேதி, பெயர், எங்கிருந்து வருகிறீர்கள், யாரைப் பார்க்க, வண்டி நம்பர், மொபைல் நம்பர், உள்ளே வந்த நேரம், வெளியே போன நேரம், கையெழுத்து. பேனாவைச் சணல் கயிற்றில் கட்டி மேஜைக் காலோடு முடிச்சுப் போட்டிருப்பார்கள். தகவல் திருடு போனாலும் பேனா போகாது. கயிறு கடைசிக் கட்டம் வரை எட்டாது. ஆகையால் கையெழுத்து போடும்போது நோட்டை நம் பக்கம் இழுக்க வேண்டும், இழுத்தால் முந்தின பக்கம் புரளும், புரண்டால் கண் சும்மா இருக்குமா? சி பிளாக் நாலாவது மாடிக்கு சனிக்கிழமை தவறாமல் ஒரு ஹிந்தி டீச்சர் வருகிறார். பி பிளாக்கில் ஒரு வீட்டுக்கு ஒரே வாரத்தில் பிளம்பர், எலெக்ட்ரீஷியன், புரோக்கர் மூவரும் வந்திருக்கிறார்கள்; வீட்டை விற்கப் போகிறார்கள். 'யாரைப் பார்க்க' என்ற கட்டத்தில் ஒருவர் 'சும்மா' என்று எழுதியிருந்தார். 'எங்கிருந்து வருகிறீர்கள்' என்பதற்கு இன்னொருவர் 'வீடு' என்று எழுதியிருந்தார். இவர்களை எல்லாம் நான் நேரில் சந்தித்து வணக்கம் சொல்ல விரும்புகிறேன். ஒருவர் ஒன்பது இலக்கத்தில் நம்பர் எழுதியிருந்தார். இன்னொருவர் ஒன்றிலிருந்து ஒன்பது வரை வரிசையாக எழுதிக் கடைசியில் ஒரு பூஜ்யம் போட்டிருந்தார். அதற்கும் வாட்ச்மேன் டிக் அடித்திருந்தார். கட்டம் நிரம்பியிருக்கிறதா என்பதுதான் அவர் வேலை.

வெளியே போன நேரத்தை மட்டும் யாரும் எழுதுவதில்லை. வருகிறவனை நிறுத்தத்தான் தடுப்புக் கட்டை இருக்கிறது, போகிறவனை நிறுத்த அவருக்கு நேரம் ஏது. அந்த நோட்டை நம்பினால், பொங்கலுக்கு வந்த கரும்புக்காரர் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். ஹிந்தி டீச்சர் உள்ளே இருந்துகொண்டே மறுபடி மறுபடி உள்ளே வருகிறார். நானும் பல மாதங்களாக அங்கேயே தங்கியிருக்கிறேன், அக்கா கையால் ஒரு வாய் காபிகூடக் கிடைக்காமல்.

இந்த நோட்டு வேண்டாம் என்று சங்கத்தில் தீர்மானம் போட்டு ஆப் கொண்டுவந்தார்கள். இப்போது வாட்ச்மேன் தன் போனைத் தூக்கி என்னைப் படம் பிடிக்கிறார். அவர் உட்கார்ந்தபடி பிடிப்பதால் என் தாடையும் மூக்குத் துவாரமும் மட்டும் விழுகின்றன. அந்தப் படம் அக்காவின் போனுக்குப் போகும். அவள் 'அனுமதி' என்பதை அழுத்த வேண்டும். அவளோ மிக்ஸியில் தேங்காய்ச் சட்னி அரைத்துக்கொண்டிருப்பாள். கூடப் பிறந்தவன் கேட்டுக்கு வெளியே வெயிலில் நிற்பான். "மேடம் எடுக்கல சார்" என்பார் வாட்ச்மேன், நான் ஏதோ தவறான வீட்டுக்கு வந்துவிட்டதுபோல. "அதுவரைக்கும் இதுல எழுதிருங்க சார்" என்று மேஜைக்கு அடியிலிருந்து பழைய நோட்டை எடுத்துக் கொடுப்பார். ஆப் வந்ததில் நோட்டு போகவில்லை. இரண்டிலும் நான் இருக்கிறேன். தீர்ந்த நோட்டையெல்லாம் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டேன். "பழைய பேப்பருக்குப் போட்டுருவோம் சார்" என்றார். அங்கேயிருந்து அது எந்த பஜ்ஜிக் கடைக்குப் போகிறதோ, எனக்குத் தெரியவேண்டாம்.

பெரிய சங்கதிக்கு வருகிறேன். 2018 செப்டம்பர் 26 தீர்ப்பில், ஆதார் சட்டத்தில் தனியார் கம்பெனிகள் ஆதாரைக் கேட்க வழி வைத்திருந்த 57-வது பிரிவை உச்ச நீதிமன்றம் அடித்துவிட்டது. அது 1,448 பக்கம். இருந்தும் லாட்ஜில் ரூம் கேட்டால் "ஆதார் ஜெராக்ஸ் குடுங்க, முன்பக்கம் பின்பக்கம்" என்பதுதான் முதல் வார்த்தை. அந்த ஜெராக்ஸில் முகம் இருக்கும் இடத்தில் ஒரு கறுப்புச் சதுரம்தான் விழுகிறது. அது நானாகவும் இருக்கலாம், பெட்ஷீட்காரராகவும் இருக்கலாம்.

2022 மே 27 அன்று ஆதார் ஆணையத்தின் பெங்களூரு அலுவலகம் ஒரு எச்சரிக்கை வெளியிட்டது. கண்டவர்களிடம் ஆதார் நகலைக் கொடுக்காதீர்கள், உரிமம் இல்லாத ஹோட்டலும் சினிமா தியேட்டரும் அதை வாங்கி வைக்கக் கூடாது, கடைசி நாலு எண் மட்டும் தெரியும் நகலைக் கொடுங்கள் என்றெல்லாம் அதில் இருந்தது. படித்தவுடன் எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. மே 29 அன்று, மக்கள் தப்பாகப் புரிந்துகொள்ள வாய்ப்பிருக்கிறது என்று சொல்லி அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டார்கள். நான் சரியாகத்தான் புரிந்துகொண்டிருந்தேன்.

"மறைக்கிறதுக்கு என்ன இருக்கு?" என்று கேட்பவர்களைக் கண்டால்தான் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. அரசாங்கத்தோடு வாதாட வக்கீல் இருக்கிறார், 21-வது பிரிவு இருக்கிறது. வரிசையோடு வாதாட என்ன இருக்கிறது? ஒன்பது நீதிபதிகள் கொடுத்ததை பெட்ஷீட்காரர் ஒரே உச்சுக்கொட்டலில் பிடுங்கிக்கொள்கிறார். கொடுக்க மாட்டேன் என்பவன்தான் சந்தேகப் பேர்வழி. கொடுத்தவன் யோக்கியன். அந்தப் பெண்ணையும் கோபிக்க முடியவில்லை. நம்பர் இல்லாமல் பில் போட்டால் சூப்பர்வைசர் சத்தம் போடுவாராம், மெல்லிய குரலில் அவளே சொன்னாள். எங்கள் ரேஷன் கடையில் ஒரு பாட்டி, பாத்திரம் தேய்த்துத் தேய்த்து ரேகை போன விரலை முந்தானையில் துடைத்து மெஷினில் வைப்பாள். எடுக்காது. எச்சில் தொட்டு வைப்பாள். எடுக்காது. அடுத்த விரல். பின்னால் நிற்கும் வரிசை அவளைத்தான் முறைக்கும், மெஷினை முறைக்காது. என் பனியன் புலம்பலை அவளிடம் சொன்னால் ரேஷன் பையாலேயே என்னை அடிப்பாள்.

2023 மே மாதம் மத்திய நுகர்வோர் விவகாரத் துறை, பில் போட மொபைல் நம்பரைக் கட்டாயப்படுத்தக் கூடாது என்று கடைக்காரர்களுக்கு அறிவுறுத்தியது. அந்தச் செய்தியைப் பிரிண்ட் எடுத்துச் சட்டைப்பையில் வைத்துக்கொள்வோம், கேட்டால் நீட்டுவோம் என்று தெருமுனை ஜெராக்ஸ் கடைக்குப் போனேன். "இந்த நம்பருக்கு வாட்ஸ்அப்ல அனுப்புங்க சார்" என்றான் பையன். அனுப்பினேன். பிரிண்ட் வந்தது. மறுநாளிலிருந்து அந்தக் கடையின் லேமினேஷன் ஆஃபரும் வருகிறது.

1909-க்கு மெசேஜ் அனுப்பினால் இந்தத் தொல்லையெல்லாம் நின்றுவிடும் என்று படித்தவர்கள் சொன்னார்கள். அனுப்பினேன். அதற்குப் பிறகு வருகிறவர்கள் "சார், நாங்க விளம்பரம் இல்ல" என்று ஆரம்பிக்கிறார்கள்.

இப்போது ஒரு வழி கண்டுபிடித்திருக்கிறேன். எந்தக் கடையில் கேட்டாலும் என் மைத்துனர் நம்பரைச் சொல்கிறேன். தயங்காமல், தாளம் தப்பாமல் சொல்கிறேன். வரிசையில் நிற்பவர்கள் என்னை மரியாதையாகப் பார்க்கிறார்கள். அவருக்கு இதுவரை ஒன்றும் தெரியாது. அவரும் என்னிடம் எதுவும் கேட்டதில்லை. ஆனால் கொஞ்ச நாளாக எனக்கு ஒரு கிளினிக்கிலிருந்து, ராக்கிக்கு வெறிநாய்த் தடுப்பூசி போடும் தேதி வந்துவிட்டது என்று நினைவூட்டல் வருகிறது. எங்கள் வீட்டில் நாய் கிடையாது. மைத்துனர் வீட்டில் இருக்கிறது.