மூளையைப் பிடிக்கும் குரல்: வாசகர் கேள்வி-பதில்

கேள்வி: வேற்றுக்கிரகவாசிகள் மனித மனத்தைக் கைப்பற்றும் கதையை ஒலி நாடகமாகப் போடப் போகிறோம். காட்சி இல்லாமல் பயம் வருமா?
– பாடசாலை மாணவி, கெலிஓயா

பதில்: காட்சி இல்லாததால்தான் வரும். திரையில் என்றால் பச்சைத் தோலும் பெரிய கண்ணும் வைத்துக் காட்டியாக வேண்டும், பிள்ளைகள் சிரித்துவிடுவார்கள். வானொலியில், நேற்றுவரை பகிடி விட்ட கூட்டாளி இன்று ஏற்ற இறக்கமில்லாமல் பேசினாலே போதும். சார்ள்ஸ் சில்டன் பிபிசிக்காக எழுதித் தயாரித்த ‘ஜர்னி இன்டு ஸ்பேஸ்’ தொடரில் ‘தி ரெட் பிளானெட்’ என்ற பகுதி 1954இல் தொடங்கியது. செவ்வாய்க்குப் போகும் கப்பல் ஒன்றில் விட்டேக்கர் என்றொருவன் வருவான். மிரட்ட மாட்டான், கத்த மாட்டான். எதற்கும் ஒரே தட்டையான குரல். கட்டளை என்றால் மறுபேச்சில்லை என்ற ஒரே எண்ணம். செவ்வாயில் இறங்கினால், அங்கே ஒரு கணவனும் மனைவியும் தாங்கள் அவுஸ்திரேலியாவில் ஆட்டுப் பண்ணை நடத்துவதாகவே நம்பி வாழ்கிறார்கள். பிடிபட்ட மூளைக்குத் தான் பிடிபட்டது தெரியாது. உங்கள் நாடகமும் அந்த இடத்தைத் தொடட்டும்.

கேள்வி: 1938இல் வானொலி நாடகத்தைக் கேட்டு அமெரிக்காவே தெருவுக்கு ஓடியதாமே?
– வங்கி ஊழியர், கண்டி

பதில்: அவ்வளவு பேர் ஓடவில்லை. ஒக்டோபர் 30 இரவு, செவ்வாய்வாசிகள் பூமியைத் தாக்கும் கதையான ஓர்சன் வெல்ஸின் ‘வார் ஒஃப் த வேர்ல்ட்ஸ்’ ஒலிபரப்பானபோது 5,000 வீடுகளுக்குத் தொலைபேசியில் விசாரித்தார்கள்; அதைக் கேட்டுக்கொண்டிருந்தவர்கள் 2 சதவீதமே. நாடே நடுங்கியது என்று எழுதியவை, விளம்பரங்களை வானொலியிடம் பறிகொடுத்துக்கொண்டிருந்த பத்திரிகைகள். ஆனால் ஈக்குவடோரின் கீற்றோ நகரில் 1949 பெப்ரவரி 12இல் நடந்தது மெய். அதே கதையைச் செய்தி போல ஒலிபரப்பினார்கள். சனம் வீதிக்கு வந்தது. நாடகம் என்று தெரிந்ததும் பயம் கோபமாக மாறி, நிலையம் இருந்த கட்டடத்துக்கே தீ வைத்தது. உயிர்களும் போயின. எனவே, கெலிஓயா மாணவியே, உங்கள் நாடகத்தின் தொடக்கத்திலும் நடுவிலும் முடிவிலும் இது கற்பனை என்று சொல்லிவிடுங்கள். நல்ல கதைக்கு அதனால் ஒரு குறையும் வராது.

கேள்வி: ஓர் உயிர் இன்னோர் உயிரின் மூளையைப் பிடிப்பது உண்மையில் நடக்குமா?
– உயிரியல் ஆசிரியை, கம்பளை

பதில்: நடக்கும். தெற்காசியாவில் வாழும் மரகத நிறக் குளவி ஒன்று கரப்பொத்தானை இருமுறை கொட்டும். முதற்கொட்டு நெஞ்சில், முன்னங்கால்கள் சற்று நேரம் மரத்துப்போகும். இரண்டாவது நேரே மூளைக்கு. அதன்பின் கரப்பொத்தானுக்கு நடக்கத் தெம்பு இருக்கும், தானாக நடக்க நினைப்பு வராது. குளவி அதன் உணர்கொம்பைக் கவ்வி, மாட்டைக் கயிற்றில் பிடித்துப் போவதுபோலத் தன் வளைக்கு அழைத்துச் சென்று, முட்டையிட்டு வாசலை அடைத்துவிடும். கால் இருந்தும் ஓடாத நிலைதான் மனக்கட்டுப்பாடு.

கேள்வி: வானொலியால் மனத்தைத் திருப்பும் வேலை நம் பக்கத்தில் நடந்திருக்கிறதா?
– பல்கலைக்கழக மாணவர், பேராதனை

பதில்: இரண்டாம் உலகப் போரில், 1944 ஏப்ரலில், மவுண்ட்பேட்டனின் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகம் உங்கள் பேராதனைப் பூங்காவுக்கு வந்தது. அமெரிக்க உளவு அமைப்பான ஓ.எஸ்.எஸ். கண்டியில் தளம் வைத்திருந்தது. அந்த அமைப்பில் பணியாற்றிய மானிடவியலாளர் கிரெகரி பேட்சன், பர்மா, தாய்லாந்து மக்களுக்காக ஒரு போலி வானொலி நடத்தினார். ஜப்பானிய நிலையம் போலவே பேசும். ஜப்பானியர் சொல்வதையே நம்ப முடியாத அளவுக்கு ஊதிச் சொல்லும். குரல் யாருடையது என்று கேட்பவருக்குத் தெரியக்கூடாது. அதில்தான் அந்த வேலையின் பலம் இருந்தது.

கேள்வி: எங்கள் நாடகத்தில் ஒருவர் வசப்பட்டுவிட்டார் என்பதை எப்படிக் காட்டுவது?
– முதல் கேள்வி கேட்ட மாணவியின் தோழி, கெலிஓயா

பதில்: இலங்கைத் தமிழ் வானொலியிடம் பாடம் கேளுங்கள். மரிக்கார் எஸ். ராமதாஸின் ‘கோமாளிகளின் கும்மாளம்’ நாடகத்தில் ஒவ்வொரு பாத்திரமும் ஒவ்வொரு தமிழ் பேசும். முஸ்லிம் தமிழ், யாழ்ப்பாணத் தமிழ், சிங்களச் சாயல் ஏறிய தமிழ்: வாயைத் திறந்ததும் ஆள் தெரிந்துவிடும். கெலிஓயா கடைவீதியிலும் அப்படித்தானே? மலையகத்து அக்கா, சிங்கள முதலாளி, உங்கள் உம்மும்மா என ஆளுக்கொரு பேச்சு. முதல் காட்சியில் இவர்கள் எல்லாரையும் மீன் கடையில் பேரம் பேச விடுங்கள். அடுத்த காட்சியில் உம்மும்மா சொன்ன விலைக்கு மறுபேச்சின்றிக் காசை நீட்டட்டும். பிறகு முதலாளி, அக்கா என்று ஒவ்வொருவராக ஒரே வகைத் தமிழுக்கு மாறட்டும். கடைசியில் ஊரே ஒரே குரலில் பேசும்போது கேட்பவருக்கு மயிர்க்கூச்செறியும். இசையே தேவைப்படாது.

கேள்வி: வேற்றுக்கிரகவாசி வந்தால் முதலில் யாரைப் பிடிப்பான்?
– தையற்காரர், வெலிகல்ல

பதில்: வந்த செய்தியைப் படித்து முடிக்குமுன் பத்துப் பேருக்கு அனுப்புகிறவரை.

கேள்வி: இதெல்லாம் கற்பனைதானே, இவ்வளவு அக்கறை ஏன்?
– வாசகர், அக்குறணை

பதில்: நாம் நேரில் கண்டதால். 2018 பெப்ரவரி 26 இரவு, அம்பாறையில் முஸ்லிம் ஒருவரின் உணவகக் கறியில் மலட்டு மருந்து கலந்திருப்பதாகக் கதை கிளம்பிப் பள்ளிவாசல் தாக்கப்பட்டது. அரச பகுப்பாய்வாளர் சோதித்தபோது அது வெறும் மாவுக்கட்டி. ஆனால் வதந்தி ஓடிய வேகத்தில் உண்மை ஓடவில்லை. மார்ச்சில் நம் கண்டி மாவட்டத்தின் திகனயிலும் தெல்தெனியவிலும் முஸ்லிம்களின் வீடுகளும் கடைகளும் எரிந்தன. 6ஆம் திகதி அவசரகால நிலை அறிவிக்கப்பட்டது. மறுநாள் சமூக வலைத்தளங்கள் முடக்கப்பட்டன. தன் தளம் அந்த வன்முறையில் வகித்த பங்குக்காக பேஸ்புக் 2020இல் மன்னிப்புக் கேட்டது. வானத்திலிருந்து எவரும் இறங்கவில்லை. நேற்றுவரை ஒரே கடையில் தேநீர் குடித்தவர்களே ஒரே குரலில் பேசத் தொடங்கியிருந்தார்கள்.

கேள்வி: சிறு பிள்ளைகளுக்கு இத்தகைய நாடகங்களைக் கேட்கக் கொடுக்கலாமா?
– ஒரு தாய், தஸ்கர

பதில்: தாராளமாக. ஆனால் தனியே விடாமல் நீங்களும் கூட இருந்து கேளுங்கள். முடிந்ததும், “எந்த இடத்தில் உனக்குச் சந்தேகம் வந்தது? நீயாக இருந்தால் யாரிடம் விசாரித்திருப்பாய்?” என்று கேளுங்கள். இந்த இரண்டு கேள்விக்கும் விடை தேடப் பழகிய பிள்ளையை எந்தக் குரலும் எளிதில் இழுத்துப்போக முடியாது. அந்தப் பழக்கத்தை வீட்டிலிருந்தே தொடங்குங்கள் தாயே.