வசந்தத்தில் வியர்க்குரு

ஆண்டை ஆறு பருவமாகப் பிரித்த முன்னோர், சித்திரையையும் வைகாசியையும் இளவேனிலுக்கு ஒதுக்கினார்கள். அந்த இரண்டு மாதத்தின் நட்டநடுவில், மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை, அக்கினி நட்சத்திரம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. மாப்பிள்ளைக்கும் கடன்காரனுக்கும் ஒரே பந்தியில் இலை போட்ட மாதிரி.

மன்மதனுக்கு வசந்தன்தான் கூட்டாளி என்பார்கள். கையில் கரும்பு வில். தாமரை, மா, அசோகு, முல்லை, நீலோற்பலம் என்று ஐந்து மலரம்பு. இந்த ஆளைச் சித்திரை மாதத்து மத்தியானம் எங்கள் மதுரைக்கு அனுப்பிப் பார்க்க வேண்டும். அம்பு ஆள்மேல் படுமுன்னே வதங்கிவிடும். கரும்பு வில்லை யாராவது இஞ்சி, எலுமிச்சை வைத்துப் பிழிந்து, ஐஸ் போட்டு விற்றுவிடுவார்கள்.

திருமலை நாயக்கர் விவரமானவர். 17ஆம் நூற்றாண்டில் மீனாட்சியம்மன் கோயிலுக்கு எதிரே வசந்த விழாவுக்கென்றே புது மண்டபம் எழுப்பியவர், சுற்றிலும் தண்ணீர் நிற்க அகழியும் வெட்டிவைத்தார். சாமிக்கே ஏர்கூலர் தேவைப்படுகிற வசந்தம் எங்களுடையது. சித்திரைத் திருவிழாவில் அழகர் வைகையில் இறங்குவார். அவருக்கு முன்னால் ஆறு வந்து சேர வேண்டுமே என்று அணையில் தண்ணீர் திறப்பார்கள்.

அடுத்தது குயில். அதைப் புகழ்ந்த கவிஞர்கள் எல்லோரும் நன்றாகத் தூங்கி எழுந்தவர்களாகத்தான் இருக்க வேண்டும். ராத்திரி கரண்ட் போய், பாயைச் சுருட்டிக்கொண்டு மொட்டைமாடி ஏறி, கொசுவோடு பேச்சுவார்த்தை முடித்துக் கண் அயரும் நேரம் பார்த்து வேப்பமரத்தில் ஆரம்பிக்கும். கூவக் கூவச் சுருதி ஏறும். கூவுவது ஆண் குயில். அதன் சம்சாரமோ காக்கைக் கூட்டில் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும். வீட்டு வாடகை கிடையாது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் கிடையாது. பாட்டு வராமல் என்ன செய்யும்?

சின்ன வயதில் இந்த வெயிலை நாங்கள் லீவு என்றே அழைத்தோம். முழுப் பரீட்சை முடிந்ததும் அம்மாச்சி வீடு. மாடியில் பழைய வேட்டி விரித்துக் கூழ் வத்தல் பிழிந்துவிட்டு, கையில் குச்சியைக் கொடுத்துக் காக்காய்க்குக் காவல் வைப்பார்கள். மேலே மொறுமொறுப்பும் உள்ளே ஈரமுமாக அரைக் காய்ச்சலில் இருக்கும் வத்தலின் ருசி, எண்ணெயில் பொரித்தால் வராது. சாயங்காலம் விசாரணை நடக்கும்.

"ஓரத்து வரிசை எங்கடா?"

"காக்கா தின்னுருச்சு அம்மாச்சி."

"காக்கா வரிசையாவாடா திங்கும்?"

நுங்குக்காலம் வேறு. கட்டைவிரலால் நோண்டித் தின்றபின் இரண்டு நுங்குக் கூந்தலைக் குச்சியில் கோத்தால் வண்டி தயார். கவைக்கம்பால் தள்ளிக்கொண்டு ஊரெல்லாம் சுற்றலாம். சுற்றிய வெயிலுக்கு முதுகு நிறைய வியர்க்குரு பூக்கும். அம்மாச்சி அதற்கும் நுங்கைத்தான் தேய்த்துவிடுவார். தின்றதையே ஓட்டி, ஓட்டியதற்கு அதையே மருந்தாகப் பூசிக்கொண்ட தலைமுறை நாங்கள். யோசித்துப் பார்த்தால் நுங்கு, பதநீர், வெள்ளரிப்பிஞ்சு, மொட்டைமாடித் தூக்கம் என்று எங்கள் வசந்தத்தின் சுகம் எல்லாமே வசந்தத்திடமிருந்து தப்பிக்கச் செய்துகொண்ட ஏற்பாடுகள்தாம்.

டொரண்டோவில் இருக்கும் மச்சான் ஒவ்வொரு வருஷமும் செர்ரி பூத்த மரத்தடியில், ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு நின்று படம் அனுப்புவான். "ஸ்பிரிங் வந்தாச்சு மாப்ள!" இந்த முறை பதிலுக்கு, கிளிமூக்கு மாங்காயைக் கீறி உப்பும் மிளகாய்த்தூளும் தூவிப் படம் எடுத்து அனுப்பினேன். அங்கே அப்போது நடுராத்திரி. உடனே பதில் வந்தது:

"கூரியர்ல வருமா மாப்ள?"