அரக்கோணத்துக்காரர் தோணி வியாபாரம் தொடங்குவது எப்படி?

1880-க்குப் போய்ச் சேர ஏதோ ஒரு வழி கிடைத்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். முதல் வேலை, ஊரை விட்டுக் கிளம்புவது. அரக்கோணத்தில் ஏரி உண்டு, தோணி ஓடும் கால்வாய் கிடையாது. பக்கிங்காம் கால்வாய் கடலோரத்தை விட்டு நகராத பிறவி. நல்லவேளை, ராயபுரத்திலிருந்து அரக்கோணம் வழியாக வாலாஜா ரோடு வரை 1856-லேயே ரயில் விட்டுவிட்டார்கள். தோணி பிடிக்க ரயிலேறும் உங்களைப் பார்த்துச் சிரிப்பார்கள், சிரிக்கட்டும்.

சென்னையில் பேசின் பிரிட்ஜ் பக்கம் போங்கள். பேசின் என்றால் கை கழுவும் தொட்டி இல்லை, படகுகள் வந்து அடையும் துறை. 1806-ல் பாசில் காக்ரேன் என்பவர் இங்கிருந்து எண்ணூர் வரை வெட்ட ஆரம்பித்த 11 மைல் கால்வாய், பிறகு வடக்கே கிருஷ்ணா வரைக்கும் தெற்கே மரக்காணம் வரைக்கும் நீண்டுவிட்டது. கூவத்தையும் அடையாற்றையும் சேர்க்கும் துண்டைத் தாது வருஷப் பஞ்சத்தில் வயிற்றுக்கில்லாதவர்கள் கூலிக்கு வெட்டினார்கள். பெயர் மட்டும் கவர்னர் பக்கிங்காம் பிரபுவுடையது.

சரக்கு? விறகு, உப்பு. நாலு நாள் தாமதமானாலும் கோபித்துக்கொள்ளாதவை. வெற்றிலை வேண்டாம்.

பாயை நம்பாதீர்கள். வாடை அடிக்கும்போது சென்னைக்கு வருகிறவன் ராஜா. அதே காற்றில் வடக்கே போகிறவன் கோல் ஊன்ற வேண்டும், அதுவும் முடியாவிட்டால் கயிறு. ஆட்கள் கயிற்றைத் தோளில் போட்டுக்கொண்டு கரையோரம் சேற்றில் நடப்பார்கள். நீங்கள் முதலாளி, உட்கார்ந்தபடி “சீக்கிரம்” என்று சொல்வது உங்கள் பங்கு.

அடுத்தது லாக்கு. ஆந்திரா பக்கம் லாகுலு என்பார்கள். முன்னும் பின்னும் கதவு வைத்த தண்ணீர் அறை. உள்ளே நுழைந்ததும் பின்கதவைச் சாத்திவிடுவார்கள். மதகுப் பலகை மேலே போகும். தண்ணீர் சுழித்துக்கொண்டு வரும். சுவரிலுள்ள பாசி அங்குலம் அங்குலமாக முழுக, தோணி தானாக எழும்பும். இரண்டு பக்கமும் தண்ணீர் மட்டம் ஒன்றாகிற வரை முன்கதவு அசையாது, யானை கட்டி இழுத்தாலும். கத்தாதீர்கள். பேசின் பிரிட்ஜுக்கு முன்னால் சிக்னலுக்காக லோக்கலில் நின்று நின்று பழகிய நமக்கு இந்தப் பொறுமை தனியாகக் கற்றுத்தர வேண்டியதில்லை.

ஒரே ஒரு எச்சரிக்கை. 1899-ல் சென்னையிலிருந்து பெஜவாடாவுக்கு ரயில் ஓட ஆரம்பித்துவிடும். அதற்குள் தோணியை நல்ல விலைக்குத் தள்ளிவிடுங்கள். பிற்காலத்தில் மயிலாப்பூர் பக்கம் கால்வாய்க்குள்ளேயே பறக்கும் ரயிலுக்குத் தூண் நடப்போகிறார்கள் என்பதை வாங்குகிறவரிடம் சொல்ல வேண்டாம்.