ராசபுத்திரனும் நானும்

எங்கள் வீட்டில் நாலு பேர், ஒரே ஒரு ஸ்பீக்கர். சண்டைக்கு வேறு காரணம் வேண்டுமா?

மகனுக்கு மெட்டாலிக்கா. மனைவிக்கு இளையராஜா. அம்மாவுக்கு விடியக்காலையில் ரேடியோ பக்திப்பாட்டு, மாசி பிறந்தால் காமன் கூத்து. இந்தக் கூட்டத்தில் உலக ரொக் இசை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று நாற்பது வருடமாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

அந்தப் பைத்தியம் 1980இல் தோட்டத்துக் கிளாக்கர் ஐயா வீட்டு ஜன்னலோரம் பிடித்தது. உள்ளே பொனி எம் பாடிக்கொண்டிருந்தது. நான் வெளியே, தேயிலைச் செடிக்கும் சுவருக்கும் நடுவில், காலில் அட்டை ஏறுவதுகூடத் தெரியாமல் நின்றேன். ‘ராஸ்புடின்’ என்பது என் காதில் ‘ராசபுத்திரன்’ என்று விழுந்தது. ஆறு மாதம் லயத்துப் பிள்ளைகளுக்கு அப்படியே பாடிக் காட்டினேன். வடஇந்தியாவில் குதிரைமேல் போன ஒரு வீரனின் கதை என்று விளக்கமும் சொன்னேன். வாத்தியார் ஆவதற்கான தகுதி அப்போதே என்னிடம் பூரணமாக இருந்திருக்கிறது.

“அப்பா, அது ரொக் இல்ல. டிஸ்கோ” என்றான் மகன், போன வருடம்.

“கிட்டார் சத்தம் கேக்குதுல்ல?”

“கிட்டார் இருந்தா ரொக்கா? அப்ப கல்யாண வீட்டு பேண்டும் ரொக்குதான்.”

அதோடு விட்டானா? பொனி எம்மில் ஆடிக்கொண்டே பாடுவாரே பொபி ஃபாரல், அவர் ரெக்கோட்டில் பாடவே இல்லையாம். அந்தக் கட்டைக்குரல் குழுவை உருவாக்கிய ஜெர்மன் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபாரியனுடையதாம். “இத்தன வருசமா வாயசைச்ச ஆளுக்கு ரசிகரா இருந்திருக்கீங்க” என்றான். அன்றிரவு எனக்கு ரொட்டி இறங்கவில்லை. மூன்றோடு எழுந்துவிட்டேன்.

பழிவாங்க மெட்டாலிக்காவைப் பிடித்தேன். அவர்களுடைய ‘மாஸ்டர் ஒஃப் பப்பட்ஸ்’ எட்டரை நிமிடப் பாட்டு. அதற்குள் எங்கள் ஊர் கினிகத்தேனையில் வெயில் எட்டிப்பார்த்து, மேகம் மூடி, மழையும் பிடித்துவிடும். “ஏன்டா இந்த மனுசன் இவ்வளவு கோபப்படுறான்? ஆறு மாசச் சம்பளம் பாக்கியா?” என்று சத்தம் போட்டேன். வீட்டில் ஆதரவு திரளும் என்று நம்பி அம்மா பக்கம் திரும்பினேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்த கையை நிறுத்தினார். தலையைச் சாய்த்துக் கொஞ்ச நேரம் கேட்டார்.

“தோலக் காய்ச்சித்தான் அடிக்கிறான்” என்றார்.

இதன் அருமை எங்கள் பக்கத்து ஆட்களுக்குத்தான் தெரியும். ஈரக்காற்றில் தப்புத் தோல் தொய்ந்துபோய் ‘தொப் தொப்’ என்று சாணம் தட்டுகிற மாதிரி கேட்கும். காமன் பொட்டலில் வைக்கோலைக் கொளுத்தி, தப்பை அனலில் வாட்டி, விரலால் ஒரு சுண்டு சுண்டிப் பார்ப்பார்கள். ‘டண்’ என்று வந்தால்தான் ரதியும் மன்மதனும் ஆட இறங்குவார்கள். எங்கள் அப்பா அதில் கெட்டிக்காரர். அவருக்கே ஒரு நாளும் கிடைக்காத பாராட்டு, டென்மார்க்கில் பிறந்த டிரம்மர் லார்ஸ் உல்ரிக்குக்குக் கிடைத்துவிட்டது. மகன் ஓடிப்போய் அப்பாயியைக் கட்டிப்பிடித்துக்கொண்டான்.

மனைவியிடம் மட்டும் ஒரு தடவை ஜெயித்தேன். ‘சுராங்கனி’ இளையராஜா பாட்டு என்று அவள் சாதித்தாள். 1977இல் ‘அவர் எனக்கே சொந்தம்’ படத்தில் வந்தது உண்மைதான், ஆனால் அதற்கு முன்பே அது நம்ம ஏ.ஈ. மனோகரன் பாட்டு என்றேன். விசாரித்ததில் நான் சொன்னதே சரியாகிவிட்டது. அதற்குப் பிறகு இரண்டு நாள் எனக்கு நானேதான் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டேன்.

மனோகரன் என்றதும் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பொப் இசைச் சக்கரவர்த்தி என்று நாடே கொண்டாடிய மனிதர். 2018 ஜனவரியில் சென்னையில் காலமானார். செய்தி கேட்டதும் பழைய கசெட்டைத் தேடி எடுத்து, ஜன்னலைத் திறந்துவைத்து, ரோட்டுக்கே கேட்கிற மாதிரி ‘சின்ன மாமியே’ போட்டேன். பக்கத்து வீட்டு அண்ணன் வாசலில் வந்து கைகட்டி நின்றார். எனக்குத் தொண்டை அடைத்தது.

மகன் மெதுவாக வந்து காதில் சொன்னான். “அப்பா, இது நித்தி கனகரத்தினம் பாட்டு.”

“அவரு எப்ப செத்தாரு?”

“அவரு ஆஸ்திரேலியாவில நல்லா இருக்காரு.”

அண்ணனிடம் நான் சொல்லவில்லை. அவர் இன்னும் நின்றுகொண்டிருந்தார்.

இப்போது சமாதான ஒப்பந்தம் ஒன்று நடப்பில் இருக்கிறது. காலையில் அம்மா, பகலில் மனைவி, ராத்திரி மகன். எனக்கு ஒதுக்கியது பின்னேரம் மூன்று மணி. மே மாதத்திலிருந்து அந்த நேரத்தில் தகரக் கூரையில் கொட்டுகிற மழைக்கு முன்னால் பொனி எம்மும் எடுபடாது, மெட்டாலிக்காவும் எடுபடாது. அது தெரிந்துதான் ஒதுக்கியிருக்கிறார்கள்.

பொனி எம் கசெட் நாலு இருக்கிறது. வேண்டியவர்கள் வந்து எடுத்துக்கொள்ளலாம், காசு வேண்டாம். ‘சின்ன மாமியே’ கசெட்டை மட்டும் கேட்காதீர்கள். அதன் உறையில் மனோகரன் பெயரை அடித்துவிட்டு நித்தி கனகரத்தினம் என்று எழுதியிருக்கிறேன்.