ஹலோ... கேக்குதா?: கைப்பேசி, ஹெட்செட் தேர்வு குறித்த ஆய்வேட்டின் சுருக்கம்

(எந்தப் பல்கலைக்கழகத்தின் எந்தப் பட்டத்துக்கும் பகுதி நிறைவாகச் சமர்ப்பிக்கப்படாதது)

ஆய்வின் நோக்கம்

தேங்காய் வாங்குகிறவர் காதருகே வைத்து ஆட்டிப் பார்க்கிறார். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்க்கிறார். அதே மனிதர் இருபதாயிரம் ரூபாய் கொடுத்துக் கைப்பேசி வாங்கும்போது அதில் ஒரு வார்த்தைகூடப் பேசிப் பார்ப்பதில்லை. இம்முரண்பாட்டின் காரணங்களைக் கண்டறிவதே இவ்வேட்டின் நோக்கமாகும்.

ஆய்வு எல்லை

அழைப்பு, மொபைல் இணையம் ஆகிய இரண்டு மட்டுமே இங்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன. செல்ஃபி, ரீல்ஸ், கேமிங் ஆகியவை தனித்தனி ஆய்வேடுகளுக்கு உரியவை என்பதால் விலக்கப்பட்டன. இவற்றை விலக்கினால் போனில் மிச்சம் என்ன இருக்கிறது என்று ஆய்வாளரின் மைத்துனர் எழுப்பிய ஐயம் நியாயமானதே.

முன்னாய்வுகள்

இத்துறையில் இருவகை மரபுகள் உள்ளன. ஒன்று யூடியூப் மரபு. பெட்டியைப் பிரிப்பதற்கும் கேமராவைப் புகழ்வதற்கும் நேரம் தாராளமாக ஒதுக்கப்படும். ‘கால் குவாலிட்டி ஓகே’ என்பது ஒரே மூச்சில் முடிந்துவிடும். மற்றொன்று வாய்மொழி மரபு. குடும்பத்துக்கு ஒரு பிள்ளை எஞ்சினியரிங் படித்திருப்பான். ‘எதுக்கும் அவனை ஒரு வார்த்தை கேட்டுக்கோ’ என்பது பெரியோர் வாக்கு. அவன் படித்தது சிவில் என்பதை யாரும் பொருட்படுத்துவதில்லை, அவனும் பொருட்படுத்துவதில்லை.

வரலாற்றுப் பின்னணி

இந்தியாவின் முதல் செல்பேசி அழைப்பு 1995 ஜூலை 31 அன்று நிகழ்ந்தது. கல்கத்தாவிலிருந்து மேற்கு வங்க முதல்வர் ஜோதி பாசு பேச, டெல்லியில் மத்திய தொலைத்தொடர்பு அமைச்சர் சுக்ராம் கேட்டார். அந்நாளில் கூப்பிட்டவருக்கும் காசு, எடுத்தவருக்கும் காசு. எனவே மக்கள் விஷயத்தைச் சொல்லி வைத்துவிடுவார்கள். 2003-இல், எடுப்பவருக்கு அழைப்புகள் இலவசமாயின. 2016 செப்டம்பரில் ஜியோ வந்து, பேச்சை இனாமாக்கிவிட்டு டேட்டாவுக்குத்தான் காசு என்றது. பேச்சுக்கு விலை நீங்கியதும் அதன் தரத்தைக் கேட்க ஆள் இல்லாமல் போயிற்று என்பது இவ்வேட்டின் முதல் கருதுகோள்.

களஆய்வு

கருதுகோளைச் சோதிக்கச் சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு தேர்ந்தெடுக்கப்பட்டது. கடைக்காரத் தம்பியின் முதல் வினா: “எவ்ளோ ரேஞ்சுல பாக்குறீங்க சார்?” இரண்டாம் வினா: “கேமராவா, கேமிங்கா?” “பேசறதுக்குப்பா” என்று ஆய்வாளர் கூற, தம்பி குரலைத் தாழ்த்தி, “அப்பாவுக்கா சார்?” என்று கனிவோடு வினவி, பட்டன் போன் அடுக்கைக் காட்டினார். கருதுகோள் மெய்ப்பிக்கப்பட்டது.

இயல் ஒன்று: கருவி

அலைவரிசை ஏற ஏறச் சுவரைக் கடக்கும் ஆற்றல் குறையும். 700, 850 மெகாஹெர்ட்ஸ் அலைகள் வாசல், கூடம் எல்லாம் தாண்டி அடுக்களை வரை வரும். 5ஜிக்குப் பெரிதும் பயன்படும் 3300 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலை வேகத்தில் கெட்டி. ஆனால் கான்கிரீட் சுவரைக் கண்டால் தயங்கும். மொட்டை மாடியில் படம் பறக்கிறது, சமையலறையில் ‘ஹலோ’ மட்டும் போகிறது என்பதற்கு இதுவே விளக்கம்.

எனவே பெட்டியின் மேல் 5ஜி என்று அச்சிட்டிருப்பது போதாது. எந்தெந்த பேண்டுகள், அதாவது அலைவரிசைப் பட்டைகள், என்று உள்ளே பொடி எழுத்தில் இருப்பதையும் படிக்க வேண்டும். 5ஜியில் என்78, என்28; 4ஜியில் 3, 5, 8, 40 ஆகியவை நம்மூருக்கு வேண்டியவை. வெளிநாட்டிலிருந்து மாமா கொண்டுவரும் போனுக்கு இப்பரிசோதனை இருமடங்கு அவசியம்; மாமாவின் எதிரில் செய்யாதிருப்பது நலம்.

அடுத்தது, 4ஜி வழியாகவே பேச உதவும் வோல்டி. இது இல்லாவிட்டாலோ, செட்டிங்கில் அணைந்து கிடந்தாலோ, கால் வந்ததும் போன் பழைய 2ஜிக்கு இறங்கும்; பேசி முடிக்கும்வரை நெட் படுத்துவிடும். 2ஜியே இல்லாத ஜியோவில் காலே வராது. வீட்டில் வைஃபை இருந்தும் டவர் இல்லாதவர்களுக்கு வைஃபை காலிங் என்றொரு வசதி உண்டு. அதுவும் செட்டிங்கில்தான், பலர் விரல் படாமல், காத்துக் கிடக்கிறது.

கதிர்வீச்சு அச்சம் உள்ளவர்கள் *#07# என்று அழுத்தினால் போனின் எஸ்ஏஆர் அளவு, அதாவது உடல் உறிஞ்சும் கதிர்வீச்சின் அளவு, திரையில் தெரியும். இந்தியாவில் உச்சவரம்பு கிலோவுக்கு 1.6 வாட். அதைப் பார்த்துவிட்டுப் போனைத் திருப்பிக் கொடுத்தவரை ஆய்வாளர் இதுவரை சந்தித்ததில்லை.

இயல் இரண்டு: செவிக்கருவி

ஹெட்செட்டுகள் வயருடையன, வயரற்றன என இருவகைப்படும். வயருடையதன் பின்னை உற்றுப் பாருங்கள். கறுப்பு வளையம் மூன்று இருந்தால் மைக் உண்டு; இரண்டே இருந்தால் கேட்க மட்டும்தான், பேச முடியாது. 2016-இல் ஐபோன் 7 அந்த 3.5 மில்லிமீட்டர் ஓட்டையை அடைத்தது. மற்றவர்களும் ஒவ்வொருவராக அடைத்தார்கள். இன்று டைப்-சி இயர்போன் செருகினாலும் எல்லாப் போனிலும் பாடாது. சில போன்கள் டைப்-சி வழியே ஒலியை அப்படியே அனுப்பும். சிலவற்றுக்கு இயர்போனுக்குள்ளேயே மாற்றுச் சில்லு இருக்க வேண்டும். செருகிப் பார்த்து வாங்குவதே வழி.

வயரற்ற பட்ஸில் ஒரு மர்மம் உண்டு. பாட்டு தேனாய் ஒழுகும். கால் வந்ததும் குரல் கிணற்றுக்குள் போகும். ப்ளூடூத்தில் பாட்டுக்கு ஒரு தடம், பேச்சுக்கு வேறு தடம். மைக் திறந்தவுடன் இருவழிப் பேச்சுக்கான இரண்டாம் தடத்துக்கு மாறுவதால் ஒலியின் தரம் இறங்குகிறது. போதாக்குறைக்கு பட்ஸின் மைக் காதோரம் இருக்கிறது. வாயோ முன்பக்கம் இருக்கிறது. வயர் இயர்போனின் மைக் தாடைக்கருகே தொங்குவதால், முந்நூறு ரூபாய் வயர் மூவாயிரம் ரூபாய் பட்ஸைத் தோற்கடிப்பதுண்டு.

இனி இவ்வேட்டின் மையக் கண்டுபிடிப்பு. ஏஎன்சி என்பது நம் காதுக்கு வரும் இரைச்சலை அடக்குவது. ஈஎன்சி என்பது நம் மைக் வழியே எதிர்முனைக்குப் போகும் இரைச்சலை அடக்குவது. கடையில் காதில் மாட்டி, பாட்டைப் போட்டு, ‘ஆஹா’ என்று நாம் வாங்குவது முதலாவதை. விளைவு: கோயம்பேட்டில் நிற்கிற நமக்கு ஊரே அமைதியாக இருக்கிறது, தஞ்சாவூரில் போனை எடுத்த அத்தையின் காதில் எல்லா பஸ்ஸின் ஹாரனும் அடிக்கிறது. ஹெட்செட்டில் பாதி நமக்கு, பாதி அத்தைக்கு. காசு கொடுப்பவர் ஒருவர், மைக்கை அனுபவிப்பவர் இன்னொருவர். நாம் பேசிப் பார்க்காமல் வாங்குவதன் மூலகாரணம் இதுவே: நம் குரல் எப்படிப் போகிறது என்பது நமக்குக் கேட்பதே இல்லை.

(ஹெட்செட்டே வேண்டாமென்று ஸ்பீக்கரில் போட்டு முழு பஸ்ஸுக்கும் குடும்ப விவகாரத்தை விளக்கும் மரபினர் இவ்வாய்வின் எல்லைக்கு அப்பாற்பட்டவர்கள்.)

முடிவும் பரிந்துரையும்

போன் வாங்குமுன், அதே மாடல் வைத்திருக்கும் நண்பரை வீட்டுக்குக் கூப்பிடுங்கள். உங்கள் சிம்மை அதில் போட்டு, சிக்னல் சாகும் மூலைக்குப் போய்ப் பேசிப் பாருங்கள். ஹெட்செட்டைக் கடையில் மாட்டியதும் பாட்டுப் போடாதீர்கள். தெருவில் இறங்கி வீட்டுக்கு ஒரு கால் போடுங்கள். “என்னடா சொல்றே?” என்று அம்மா இரண்டாம் முறை கேட்டால், அது எத்தனை ஸ்டார் வாங்கிய சரக்காக இருந்தாலும் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.