நியூயார்க் எவ்வளவு தூரம்?

கே: இடையில் எங்கும் இறங்காமல் பறக்கும் விமானச் சேவைகளில் மிக நீளமானது எது?

ப: இப்போதைக்கு சிங்கப்பூர் – நியூயார்க். சுமார் 15,300 கி.மீ.; ஏறக்குறைய 19 மணி நேரம். பூமியின் சுற்றளவில் பாதி 20,000 கி.மீ. அதைவிடத் தொலைவில் எந்த ஊரும் இருக்க முடியாது. அதற்கும் மேலே போனால் வீட்டுக்குத் திரும்பிக்கொண்டிருக்கிறீர்கள்.

கே: விமானம் பறப்பதும் அதே 15,300 கி.மீ.தானா?

ப: அது உலக உருண்டையில் நூல் பிடித்து அளந்த தூரம். அந்த நூல் வட துருவத்தை ஒட்டிப் போகும். விமானியோ பல நாள் பசிபிக் பக்கம் ஒதுங்குகிறார். பத்துப் பன்னிரண்டு கி.மீ. உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஓடும் ஜெட் காற்று, சில சமயம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டும். அது முதுகில் கை வைத்துத் தள்ளினால், தூரம் கூடினாலும் நேரம் குறையும். வேடிக்கை என்னவென்றால், திரும்பும்போதும் பல நாள் அட்லாண்டிக், ஐரோப்பா வழியாகக் கிழக்கு நோக்கியே வருகிறார்கள். போய்வர டிக்கெட் எடுத்தவருக்கு உலகம் சுற்றிய புண்ணியம் இலவசம்.

கே: பூமிதான் சுற்றுகிறதே! மேலே எழும்பி அப்படியே நின்றால் நியூயார்க் தானே வராதா?

ப: காற்றும் பூமியோடு சேர்ந்தே சுற்றுகிறது. அது நின்று வழிவிட்டாலும், சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்குப் பக்கம். கீழே சுமத்ரா வரும், உகாண்டா வரும், அமேசான் காடு வரும். நியூயார்க் மட்டும் வராது.

கே: அவ்வளவு தூரத்துக்கு எரிபொருள் போதுமா?

ப: அதற்கென்றே செய்த ஏர்பஸ் ஏ350-900 யுஎல்ஆர் 1,65,000 லிட்டர் கொள்ளும், வழக்கமான ஏ350-900ஐவிட 24,000 லிட்டர் அதிகம். எரிபொருளைச் சுமக்கவே எரிபொருள் செலவாகும் என்பதால், ஆட்களைக் குறைத்துவிட்டார்கள். இருக்கைகள் 161தான். எகானமி வகுப்பே கிடையாது. நம் இடத்தில் பெட்ரோலியம் பயணம் செய்கிறது.

கே: ஜன்னலோரமா, நடைபாதை ஓரமா?

ப: 19 மணி நேரம்! நடைபாதை.

கே: நள்ளிரவில் ஏறினால் விடியற்காலையில் இறங்கிவிடலாமாமே?

ப: கடிகாரம் அப்படித்தான் சொல்லும். நியூயார்க் நேரம் 12 அல்லது 13 மணி பின்தங்கியது. வரும்போது அதை வட்டியோடு வசூலித்துவிடுவார்கள்: திங்கள் இரவு ஏறினால் புதன் காலை சிங்கப்பூர். செவ்வாய்க்கிழமை ஆகாது என்பவர்களுக்கு வசதி.

கே: இதைவிட அதிக நேரம் பறந்த பயணிகள் உண்டா?

ப: உண்டு, அதுவும் இலங்கையிலிருந்து. 1943 முதல் 1945 வரை, காலிக்கு அருகே கொக்கல ஏரியிலிருந்து ஆஸ்திரேலியாவின் பெர்த்துக்கு, கேட்டலினா என்ற கடல் விமானத்தை குவான்டாஸ் ஓட்டியது. ஜப்பானியர் காதில் விழாதிருக்க ரேடியோவை அடக்கி, நட்சத்திரம் பார்த்து வழி பிடித்தார்கள். பயணிகள் மூன்றே பேர். பயணம் 27 முதல் 33 மணி நேரம். வழியில் இரண்டு சூரிய உதயம் பார்த்ததற்குச் சான்றிதழ் கொடுத்தார்கள். இப்போது மைலேஜ் பாயின்ட் கொடுக்கிறார்கள்.